சோபேயில் படகுக்கே முதலிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த போட்ஸ்வானா பயணக் கட்டுரையைப் படித்தேன். சோபே தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் ஜீப் ஏறிச் சிங்கம் தேட வேண்டும், நேரம் மிச்சமிருந்தால் படகில் ஒரு சுற்று வரலாம் என்கிறார் கட்டுரையாளர். வேலை நிமித்தம் அந்த நாட்டில் சில வருடங்கள் இருந்தவன் நான். அங்கே முதலில் படகு, ஜீப்பெல்லாம் அப்புறம்தான்.

ஜீப்பில் என்ன நடக்கும்? எங்கோ ஒரு சிங்கம் படுத்திருப்பதாக வயர்லெஸ்ஸில் தகவல் வரும். இருக்கிற வண்டியெல்லாம் புழுதி பறக்க அங்கே ஓடும். சிங்கத்தைவிட முன்னால் நிற்கும் வண்டியின் முதுகைத்தான் அதிகம் பார்ப்போம்.

ஆற்றில் அந்த அடிதடி குறைவு. மழை நின்றபின் காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றிவிட, யானைகளுக்குச் சோபே ஆற்றை விட்டால் கதியில்லை. செப்டம்பர், அக்டோபரில் மத்தியானத்துக்கு மேல் பூங்காவை ஒட்டிய கசானே ஊர்ப் பக்கக் கரை முழுக்க யானைதான். தண்ணீர் குடித்ததோடு விடாமல், ஆற்றுக்கு நடுவே இருக்கும் செடுடு தீவுக்கு நீந்தியும் போகும். ஆழமான இடத்தில் தும்பிக்கை நுனி மட்டும் வெளியே தெரியும். குட்டியைப் பெரிய யானைகள் இருபக்கமும் அணைத்தபடி கூட்டிப்போகும். தீவு ஓரத்தில் ஒரு கத்தைப் புல்லைப் பிடுங்கி, தண்ணீரில் அப்படியும் இப்படியும் அலசி, வேரில் ஒட்டிய சேறு போனபிறகுதான் வாயில் வைக்கும். படகோட்டி இன்ஜினை நிறுத்தினால் அந்த அலசும் சத்தம்கூடக் காதில் விழும்.

இந்தத் தீவுக்காகப் போட்ஸ்வானாவும் பக்கத்து நாடான நமீபியாவும் சர்வதேச நீதிமன்றம்வரை போயின. 1999இல் தீவு போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பானது. ஆனால் அதைச் சுற்றியுள்ள இரண்டு ஆற்றுக் கிளைகளிலும் இரு நாட்டுப் படகுகளும் தடையில்லாமல் போகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

படகையும் பார்த்துத்தான் ஏற வேண்டும். இரண்டடுக்குப் பெரிய படகு கரையை ஒட்டி ஒதுங்காது. சின்னப் படகா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

இன்னொன்று. டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போகலாம் என்று எழுதியிருப்பது சரியில்லை. நவம்பரில் மழை பிடித்ததும் குட்டைகள் நிறையும், யானைகள் உள்காட்டுக்குப் பிரிந்து போய்விடும். பறவை பார்ப்பவர்களுக்கு அது நல்ல பருவம்தான். யானைக்காகப் போகிறவர்கள் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையிலேயே கிளம்பட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி