போகிக்கு முன்பாக: பழைய நாடக, சினிமாக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

போகிக்கு முன்னால் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதே என் ஆசை. வீட்டை ஒழித்து வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து தகரப் பெட்டி ஒன்று இறங்கும். உள்ளே கரையான் தின்றது போக மிஞ்சிய நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் படம். தயவுசெய்து அதை நெருப்பில் போடாதீர்கள்.

தென்னிந்தியாவின் மௌனப் படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும். வெள்ளி எடுப்பதற்காகவும் பல சுருள்கள் அழிக்கப்பட்டன. புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ எடுத்தாரே ஆர். நடராஜ முதலியார், அவர் படம் ஒன்றுகூட இன்று இல்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) பிழைத்ததும் ஒரு வழக்கின் புண்ணியத்தில்தான். படத்துக்கு மூலமான நாவலின் உரிமையை வைத்திருந்த திருவனந்தபுரம் பதிப்பகம் வழக்குப் போட, படம் சில நாளிலேயே முடங்கியது. பூட்டிக் கிடந்த அந்தச் சுருள்கள்தான் 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இயக்குநர்களுக்குப் பெயராவது மிஞ்சியது. நடிகைகளுக்கு அதுவும் இல்லை. சினிமாவில் நடிப்பது கேவலம் என்றிருந்த காலம் அது. முதலியார் தன் இன்னொரு படத்தில் திரௌபதி வேடத்துக்கு மரியன் ஹில் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணைத்தான் தேடிப் பிடித்தார். ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ என்ற மலையாள மௌனப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண். அதற்காகவே திருவனந்தபுரத்தில் திரையைக் கல்லால் அடித்தார்கள், அவருடைய குடிசையைக் கொளுத்தினார்கள். உயிருக்குப் பயந்து தமிழ்நாட்டுக்கு ஓடி வந்தவர், தான் நடித்ததை வெளியே சொல்லாமலே வாழ்ந்து முடித்தார். மலையாளத்தின் முதல் நாயகி நம்மிடையேதான் இருந்தார், நமக்குத் தெரியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

திருவையாற்றைச் சேர்ந்த டி.பி. ராஜலட்சுமியை முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ நாயகியாகப் பலருக்கும் தெரியும். அதற்கு முன்பே அவர் மௌனப் படங்களில் நடித்தவர். 1936இல் ‘மிஸ் கமலா’வை எழுதி, தயாரித்து, இயக்கியவர். அவரோடு அந்த நாளில் நடித்த மற்ற பெண்கள் யார் யார்? எந்த ஊர்க்காரர்கள்? அதற்கான விடை உங்கள் பெட்டியில் இருக்கலாம்.

‘பாட்டி நடித்தவள்’ என்று சொல்லத் தயங்கிய தலைமுறை போய்விட்டது. இனி நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். படத்தின் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், உங்களுக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் அவர் பேச்சைப் பதிந்துகொள்ளுங்கள். ஃபிலிம் சுருள் கிடைத்தால் விளக்கு, அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நீங்களாகப் பிரித்தும் பார்க்க வேண்டாம். புனே காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அப்புறம் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பழைய பத்திரிகை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனமில்லையா, சரி, உங்களிடமே இருக்கட்டும். ஒரு நகல் மட்டும் எடுக்க விடுங்கள்.

அன்புடன்,
பழைய படங்களைத் தேடி அலையும் ஒரு வாசகன்