சம்மர் கேம்ப்ல தமிழ் பேச ஒரு ஆள் வேணுங்க

எங்க பஞ்சாயத்து தலைவர், மெம்பர்மார், கேம்ப் நடத்தற டீச்சர்மார் எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்கால இருக்கற ஒரு அம்மா, பொண்ணுக்கு 14 வயசு, டவுன் சிண்ட்ரோம்.

போன ஏப்ரல்ல மாற்றுத்திறனாளி பசங்களுக்கு அஞ்சு நாள் கேம்ப் வச்சீங்க, அந்த வெயில்ல ஃபேன், மோர், வண்டி எல்லாம் ஏற்பாடு பண்ணீங்க, அதுக்கு மனசார நன்றி. ஆனா ரெண்டாம் நாள் நடந்தத சொல்லியே ஆகணும். ஒரு டீச்சர் மலையாளத்துல "கை பொக்கு, கை பொக்கு"ன்னு சொல்றாங்க, எல்லாப் பசங்களும் கையத் தூக்கறாங்க, இவ மட்டும் தன் கையையே பாத்துட்டு நிக்கறா. நான் ஜன்னல்கிட்ட நின்னு "கையத் தூக்கு கண்ணு"ன்னேன், ரெண்டு கையும் மேல போயிருச்சு, ஒரே சிரிப்பு. உடனே என்னை கேட்டுக்கு வெளிய போகச் சொல்லிட்டாங்க. கடைசி நாள் குடுத்த பேப்பர்ல "சொல்றத கேக்கறதில்ல"ன்னு எழுதியிருந்துச்சு. அவ காதுல விழுந்துச்சு, ஆனா அந்த பாஷை புரியல, அவ்வளவுதான்.

எங்க தாலூக்கால தமிழ் வீடு எத்தனையோ, தமிழ் மீடியம் ஸ்கூலும் இருக்கு. மத்த பசங்க தெருவுல விளையாடியே மலையாளம் புடிச்சுக்குவாங்க, இவள மாதிரி பசங்க பல பேருக்கு ஒரு வார்த்தைய புடிக்கவே ரொம்ப நாளாகும், அதுவும் திரும்பத் திரும்பக் கேக்கற வார்த்தைதான் நல்லா நிக்கும், அஞ்சு நாள்ல புது பாஷைக்கு எங்க போறது? படம் காட்டி, செஞ்சு காட்டி சொன்னா இன்னும் சீக்கிரம் புடிச்சுக்குவா.

2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 29-ஆவது பிரிவுல கலை, பொழுதுபோக்குல இவங்களும் சமமா கலந்துக்க அரசும் உள்ளாட்சியும் வழி பண்ணணும்னு இருக்கு. ஓரமா உக்கார வச்சா அது கலந்துக்கறதாகுமா, சொல்லுங்க?

பெரிய செலவில்லீங்க. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சு வீட்ல இருக்கற தமிழ்ப் பொண்ணுங்க இருக்காங்க, ரெண்டு பாஷையும் சரளமா பேசற குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார் இருக்காங்க. ஒருத்தர் போதும், ஆனா அஞ்சு நாளும் அதே ஆள் வரணும், ஆள் மாறினா இவங்க மிரண்டுருவாங்க. உக்காரு, எந்திரி, தண்ணி, பாத்ரூம் இதுக்கெல்லாம் படம் வரஞ்ச அட்டை நாங்களே செஞ்சு தர்றோம்.

போன வருஷம் குடுத்த மஞ்சத் தொப்பிய இன்னும் ஆணில மாட்டி வச்சிருக்கா. பிளானிங் மீட்டிங் எப்பன்னு மட்டும் சொல்லியனுப்புங்க, நாங்க ஆறு அம்மாமார் வர்றதுக்கு ரெடியா இருக்கோம்.