பிடியரிசிக் கொட்டான்

அன்பு மகளுக்கு,

நல்லடக்கத்தை வீடியோவில் பார்த்துவிட்டு, "இத்தனை பேர் யாருப்பா? ஆச்சி அப்படி என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாய். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. போனில் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும், அதனால் எழுதுகிறேன்.

ஆச்சி பிறந்தது 1947. அந்த வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதிதான் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. "சி.எஸ்.ஐ.க்கும் எனக்கும் ஒரே வயசு" என்று பெருமையடித்துக்கொள்வாள். பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, சனிக்கிழமை கோவில் பெருக்குவது, நோயாளி வீட்டில் ஜெபம் எல்லாம் நீ பார்த்ததுதான். நீ பார்க்காதது அந்தப் பனையோலைக் கொட்டான் எங்களைப் படுத்திய பாடு.

உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொட்டானில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பிடியரிசியும் கோவிலில் சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டு, பணத்தை மிஷனரி ஊழியத்துக்கு அனுப்புவார்கள். 1903-இல் நம் திருநெல்வேலிக்காரர்களே தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய கதையை ஓய்வுநாள் பள்ளியில் ஆச்சி சொல்லக் கேட்டவன் நான். நம் வீட்டு அரிசிதான் ரயிலேறிப் போய் அங்கே சோறாகிறது என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டவேண்டிய நேரம். பதநீர் இறங்காத காலம், தாத்தா கையில் காசில்லை. பெண்கள் சங்கப் பணம் ஆச்சியிடம்தான் இருந்தது. "அதில் எடுத்துக் கட்டும்மா, அப்புறம் வச்சிரலாம்" என்றேன். முறைத்துவிட்டு நாலு வீடு ஏறி இறங்கிக் கடன் வாங்கி வந்தாள்.

அதே மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணம் ஆகவில்லை. சபையிலிருந்து பெயரை நீக்கியிருந்தார்கள். யாரும் அந்த வாசலை மிதிப்பதில்லை. ஆச்சி அந்த வாரத்துக் கொட்டானை அப்படியே கொண்டுபோய் அவள் பானையில் கவிழ்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வெறும் கொட்டானோடு கோவிலுக்குப் போய், ஏன் வெறுமையாக இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

கமிட்டிக்காரர்கள் குதித்தார்கள். "பாளையங்கோட்டையில முதல் கோவிலைக் கட்டினது யாரு?" என்று மட்டும் கேட்டாள். கிளாரிந்தா அம்மாளைத்தான் சொன்னாள். பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு மணமில்லாமல் வாழ்ந்ததால் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரே முதலில் ஞானஸ்நானம் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபிறகு, 1778-இல்தான் கொடுத்தார். 1785-இல் அவள் கட்டிய கோவில் பாளையங்கோட்டையில் இன்றைக்கும் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பாப்பாத்தி அம்மாள் கோவில்.

கமிட்டிக்காரர்கள் வாயடைத்து நின்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை, நன்றாகவே பேசினார்கள். சங்கப் பொறுப்பு ஆச்சி கையைவிட்டுப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் நானும் சண்டை போட்டேன். பெற்ற பிள்ளைக்குத் தொடாத காணிக்கை யாரோ ஒருத்திக்கு எப்படி ஆகும்? "உனக்குக் கேக்க நாலு வீடு இருந்துச்சுல்லா. அவளுக்கு எந்த வீடு இருக்கு?" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பரீட்சைக்குக் கடன் வாங்கியது பள்ளி முழுக்கத் தெரிந்துபோயிருந்தது.

வீடியோவில் பெட்டியின் தலைமாட்டைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த நீலச்சேலை அம்மா யார் என்று கேட்டாயே, அவர்தான். முன்பக்கம் என்னோடு தோள் கொடுத்த உயரமான ஆள், அன்றைக்குப் பிறந்த அந்தக் குழந்தை. மற்றவர்களில் பாதிப்பேரை எனக்கே தெரியாது. ஒவ்வொருவராக வந்து, "எங்க வீட்டுக்கும் வந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம், ஆச்சி ஞாபகமாகக் கொட்டானை அனுப்பச் சொல்லியிருந்தாய். நேற்று எடுத்துக் கட்டலாம் என்று திறந்தால் உள்ளே புது அரிசி கிடக்கிறது. உன் அம்மாவிடம் கேட்டேன், ஒன்றும் சொல்லாமல் வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டாள். உனக்கு வேறொன்று முடையச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா