கட்டிலடியில் தூங்கிய கிட்டார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம், வீட்டுக்கு இன்னொரு கிட்டார் வந்திருக்கிறது. "ஐந்தாவதாடா?" என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது. ஆமாம், ஐந்தாவதுதான். திட்டி முடித்துவிட்டு மேலே படி.

கிப்சன் எல்-7. 1930களின் பிற்பாதியில் செய்தது, பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) இல்லாத அசல் அகூஸ்டிக் ஆர்ச்டாப், அதாவது மேற்பலகை வளைந்த கிட்டார். புகழ்பெற்ற எல்-5க்கு அலங்காரம் குறைந்த தம்பி என்று வைத்துக்கொள். முதல் சொந்தக்காரர் சில வருஷம் வாசித்துவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினாராம். இதைப் பெட்டியில் போட்டுக் கட்டிலடியில் தள்ளியவர், அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த அலட்சியம்தான் இதைக் காப்பாற்றியது. கிப்சனின் ஈஎஸ்-150 எலெக்ட்ரிக் கிட்டார் 1936இல் வந்தது. 1939இல் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதை வைத்துக்கொண்டு பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் செய்த அமர்க்களம் உனக்குத் தெரியும். அதன் பிறகு எத்தனை நல்ல ஆர்ச்டாப்களின் மேற்பலகையைக் குடைந்து பிக்கப் மாட்டினார்கள்! இதில் ஒரு துளை கூட இல்லை. லாக்கரில் தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

கெட்டுப்போனது ஒன்றே ஒன்று, மேற்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டு. செல்லுலாய்டு அல்லவா, வயதானால் தானே மக்கத் தொடங்கிவிடுகிறது. பெட்டியைத் திறந்ததும் கற்பூரமும் புளிப்பும் கலந்த ஒரு நெடி. அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தையும் அரித்துவிடும். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸின் ஓரம் பச்சை பூத்திருந்தது. பிக்கார்டைக் கழற்றித் தனியாக ஒரு காகித உறையில் போட்டு, வேறு அறையில் வைத்துவிட்டேன்.

இனி என் முட்டாள்தனத்தைக் கேள். தூசி துடைக்கிற ஆவேசத்தில் ஆறு கம்பிகளையும் ஒரேயடியாக எடுத்துவிட்டேன். மேற்பலகை தட்டையான ஃபிளாட்டாப்பே வாசித்துப் பழகிய கை! ஆர்ச்டாப்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டார்கள், கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. கடைசிக் கம்பி தளர்ந்ததும் பிரிட்ஜ் சறுக்கி என் மடியில் விழுந்தது. எங்கே இருந்தது என்று ஒரு குறி கூட வைத்திருக்கவில்லை. நல்லவேளை, விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, பிரிட்ஜின் கால்கள் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அங்கே வைத்துக் கம்பி மாட்டி, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்கு ஏமாற்றம்தான். மடியில் வைத்து வாசித்தால் வறண்டு, சட்டென்று அடங்கிவிடுகிற சத்தம். என் பழைய ஃபிளாட்டாப்பின் நீண்ட ரீங்காரம் இதில் இல்லை. இதைப் போய் வாங்கினோமே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அறையின் அந்தக் கோடியில் படித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து, "எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது!" என்றாள். நம்பாமல் அவள் கையில் கிட்டாரைக் கொடுத்து, சும்மா மீட்டச் சொல்லிவிட்டு நான் அந்தக் கோடியில் போய் நின்றேன். அப்போதுதான் புரிந்தது. வாசிப்பவன் சுகப்படுவதற்காகச் செய்த கருவி இல்லை இது. டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும் நடனக் குழுவில், மைக் இல்லாமல், கடைசி வரிசைக்குத் தாளம் எட்ட வேண்டும் என்பதற்காக வயலின் போலச் செதுக்கியது. வில்வளைவான ஸ்ப்ரூஸ் பலகை, எஃப் வடிவத் துளைகள் எல்லாம் அதற்குத்தான். கிட்டார் கலைஞர் ஃபிரெடி கிரீன் 1937இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, 1987இல் இறக்கும்வரை அப்படித்தான் தாளச் சுற்றுக்கு நான்கு அடி போட்டுக்கொண்டிருந்தார். தனியாகக் காதில் விழாது, நிறுத்தினால் மட்டும் குழுவே ஆட்டம் கண்டுவிடும்.

"ஜாஸ் தெரியாதவனுக்கு ஆர்ச்டாப் எதற்கு?" என்று போன கடிதத்தில் குத்தியிருந்தாய். மேபெல் கார்ட்டர் 1928ஆம் வருஷத்து எல்-5இல் என்ன வாசித்தார், ஜாஸா? கட்டைவிரலால் தடித்த, தாழ்சுரக் கம்பிகளில் மெட்டைப் போட்டு கன்ட்ரி இசையின் போக்கையே மாற்றினார். நான் அவர் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

உன் விரல் வலி எப்படி இருக்கிறது? மருத்துவர் ஒரு மாதம் ஓய்வு என்றால் ஒரு மாதமும் ஓய்வுதான், மூன்றாம் வாரமே எடுத்து வாசிக்காதே. குணமானதும் இங்கே வா. கிட்டாரை நீ பிடித்துக்கொள். எதிர்ச் சுவரோரம் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி