அறிக்கையில் இன்னும் ஒரு பத்தி எழுதுங்கள்

உளவியலாளர்களுக்கும் மனநல மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதும் மதிப்பீட்டு அறிக்கைகள் பெற்றோர் வழியாக எங்கள் கைக்கு வருகின்றன. முதல் பக்கங்களில் மதிப்பெண்கள் இருக்கும், கடைசியில் ஒரு கோளாறின் பெயர் இருக்கும். அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு நடத்தை இயல்பு மீறியதா என்று பார்க்க உங்கள் பாடநூல்கள் சில அளவுகோல்களைத் தருகின்றன: அது அரிதானதா, சமூக நெறியை விட்டு விலகுகிறதா, துன்பம் தருகிறதா, அன்றாட வாழ்வை முடக்குகிறதா. எதுவும் தனித்து நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 70க்குக் கீழே இருப்பவர்களும் 130க்கு மேலே இருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு அரிதானவர்கள். ஒரு பக்கத்தாருக்குக் குறைபாடு என்ற பெயர், மறு பக்கத்தாருக்குப் பரிசு. சமூக நெறியின் கதை இன்னும் மோசம். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், தப்பியோடும் அடிமைகளுக்கு ‘டிராபெட்டோமேனியா’ என்ற நோய் இருப்பதாக எழுதினார். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான். அடுத்த ஆண்டு உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு வேறு நடந்தது. 58 சதவீதம் பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள். நோயை வாக்குப் போட்டுத் தீர்மானிப்பதா என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. திருத்திக்கொண்டார்களே, அது போதும் என்பேன்.

என்னை உறுத்துவது துன்பம் என்ற அளவுகோல். யாருடைய துன்பம்? பெரியவர்களில் பலர் தாங்களாக உங்களைத் தேடி வருகிறார்கள். பிள்ளைகளை நாங்கள் அனுப்பி வைக்கிறோம். இடத்தில் உட்காராத பையனுக்கு அதில் எந்த வருத்தமும் இல்லாமல் இருக்கலாம். பாடம் நடத்த முடியாமல் தவிப்பது நான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு) என்று சொல்ல, அதே அமெரிக்கச் சங்கம் வெளியிடும் மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்.-5 கடுமையான நிபந்தனைகளே விதிக்கிறது: கவனமின்மையின் 9 அறிகுறிகளிலோ மிகைத்துடிப்பின் 9 அறிகுறிகளிலோ குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு அறிகுறியும் ‘அடிக்கடி’ நிகழ வேண்டும் என்கிறது. எத்தனை முறை என்று சொல்வதில்லை. பள்ளியின் சார்பில் அதை முடிவுசெய்து படிவத்தில் டிக் அடிப்பது நாங்கள்.

நாங்கள் யாரோடு ஒப்பிட்டு டிக் அடிக்கிறோம்? பக்கத்து இருக்கைப் பிள்ளையோடு. கையேடு வயதுக்கேற்ற வளர்ச்சியோடு ஒப்பிடச் சொல்கிறது. ஒரே வகுப்பில் கிட்டத்தட்ட ஓராண்டு வயது வித்தியாசம் இருப்பது எங்கள் கண்ணில் படுவதில்லை. வகுப்பில் வயதில் இளைய பிள்ளைகளுக்கே இந்த முத்திரை அதிகம் விழுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது, சில பிள்ளைகளின் ‘கோளாறு’ அவர்கள் பிறந்த மாதம்.

துக்கத்துக்கும் இதே கதிதான். டி.எஸ்.எம்.-4, இழப்புக்குப் பின் இரண்டு மாதம் வரை பொதுவாக மனச்சோர்வு நோய் என்று முடிவுகட்ட வேண்டாம் என்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை எடுத்துவிட்டது. 2022 திருத்தப் பதிப்பில் ‘நீடித்த துக்கக் கோளாறு’ சேர்ந்தது: பெரியவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.-11 ஆறு மாதத்திலேயே நிற்கிறது. துணையை இழந்து எட்டாம் மாதத்தில் இருக்கும் ஒருவர் நோயாளியா இல்லையா என்பது, நீங்கள் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மனநோயே கட்டுக்கதை என்ற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். உங்களிடம் வந்து தேறிய பிள்ளைகளைப் பார்த்தவன் நான். ஆனால் டி.எஸ்.எம்.-5இன் கள ஆய்வில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தபோது, பெரும் மனச்சோர்வு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போன அளவு 0.28. முழுமையாக ஒத்துப்போனால் 1. தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை என்றால் 0. இந்தத் தடுமாற்றம் உங்களுக்குத் தெரியும், அறிக்கையைப் படிக்கும் பெற்றோருக்குத் தெரியாது.

அதனால் ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள். பிள்ளையை யார் அனுப்பினார்கள், யார் துன்பப்படுவதாகச் சொன்னார்கள், எந்தக் கையேட்டைப் பார்த்தீர்கள், எந்த அறிகுறியில் தயங்கினீர்கள், எப்போது மறுபடி பார்க்க வேண்டும். வகுப்பிலேயே இளைய பிள்ளை என்றால் அதையும் எழுதுங்கள். எங்கள் படிவத்தில் நம்பும்படி இல்லாத டிக் இருந்தால், எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்