மூவாயிரம் பவுண்டு தேய்ந்த கதை

சவுத்தாம்ப்டன்
நவம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலமாக இருக்கிறேன். அம்மா கட்டிக்கொடுத்த சாம்பார்ப் பொடி தை வரைக்கும் வரும் என்று சொல்லிவிடு. இங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறது. இருட்டிய பிறகு நூலகம்தான். அங்கே வெதுவெதுப்பாகவும் இருக்கிறது.

'புனைவில் அறமும் குடும்பமும்' என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் இருபது பக்கம் எழுதினாலும் ஆற்றில் கரைத்த புளிதான். இங்கே வகுப்பில் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறோம். இரண்டு மணி நேரம், ஒரே அத்தியாயம். 'இந்த நாவல் குடும்பப் பாசத்தை வலியுறுத்துகிறது' என்று யாராவது சொன்னால் ஆசிரியர் கேட்பது ஒன்றுதான்: எந்த வரியில்? வரியைக் காட்ட முடியாவிட்டால் அந்தக் கருத்து அங்கே செல்லாது. நீயும் ஒரு நாவல், அதில் ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்.

ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் 2-ஆம் அத்தியாயத்தை எடு. 1811-ல் ஆசிரியர் பெயர் போடாமல், 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் அச்சாகி வந்த நாவல். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) பார்த்திருக்கிறாய் அல்லவா, ராஜீவ் மேனன் இந்தக் கதையைத்தான் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்தார். இந்த அத்தியாயத்தில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். யாரும் குரலை உயர்த்தவில்லை, கள்ளக் கையெழுத்துப் போடவில்லை. பேச்சு முடியும்போது நாலு பெண்களுக்கு வரவேண்டியது போய்விட்டது.

முன்கதை முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. ஹென்றி டாஷ்வுட்டுக்கு மூத்த தாரத்தில் ஒரே மகன், ஜான். இளைய தாரத்தில் மூன்று பெண்கள். சசெக்ஸில் நார்லண்ட் என்ற பண்ணை, குடும்பத்துப் பெரியவர் ஒருவருடையது. அவருடைய கடைசிக் காலத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது ஹென்றியும் மனைவியும் பெண்களும். உயிலைத் திறந்தால் ஹென்றிக்கு ஆயுள் பாத்தியதை மட்டும், அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். அவருக்குப் பின் ஜானுக்கும் ஜானின் நாலு வயது மகனுக்கும். சொத்தின்மேல் வில்லங்கம் ஏற்படுத்த முடியாது, தோப்பு மரத்தைக்கூட வெட்டி விற்று மனைவி மக்களுக்குக் கொடுக்க முடியாது. பெண்களுக்குத் தலைக்கு 1000 பவுண்டு, அவ்வளவே. எப்போதாவது வந்துபோன அந்தச் சிறுவனின் மழலையும் அடமும் பெரியவருக்குப் பிடித்துப்போயிருந்தன. அத்தனை வருஷத்துப் பணிவிடை அதற்கு ஈடாகவில்லை. சிக்கனமாக இருந்து பெண்களுக்கு மிச்சம் பிடித்துவிடலாம் என்று ஹென்றி நம்பினார். ஒரே வருஷத்தில் அவரும் போய்விட்டார். தாய்க்கும் மகள்களுக்கும் மிஞ்சியது 10,000 பவுண்டு. அதன் வட்டி ஆண்டுக்கு 500. ஜானுக்கோ, கையில் ஏற்கெனவே இருப்பது போக, ஆண்டுக்கு 4000 புதிதாக வருகிறது.

சாவதற்கு முன் அப்பா மகனைக் கூப்பிட்டு, இவர்களைப் பார்த்துக்கொள் என்கிறார். அவர்கள் வசதியாக இருக்க என்னால் முடிந்ததெல்லாம் செய்கிறேன் என்று மகன் வாக்குக் கொடுக்கிறான். கட்டுரையில் நீ முதலில் நிற்கவேண்டிய இடம் இது. வாக்கில் தொகை இல்லை, நாள் இல்லை. துக்கத்தின் ஈரம் காயாத அந்த நேரத்தில் ஜான் தானாகவே ஒரு தொகையை மனதில் வைக்கிறான்: தங்கைகளுக்குத் தலைக்கு 1000, மொத்தம் 3000. நார்லண்டின் ஒன்பது மாத வருமானம். அதுவும் ஒரே ஒரு தடவை கொடுப்பது. உண்மையாகவே கொடுக்க நினைக்கிறான். அந்த எண்ணத்தில் மனம் குளிர்ந்துபோகிறான்.

இனி பென்சிலை எடுத்துக்கொண்டு, தொகை மாறும் இடத்திலெல்லாம் பக்க ஓரத்தில் எண்ணை எழுதிக்கொண்டே போ. மனைவி ஃபேனி, நம் ஒரே பிள்ளையிடமிருந்து இவ்வளவு பெரிய தொகையைப் பறிக்கலாமா என்று தொடங்குகிறாள். இளைய தாரத்துப் பெண்கள் பாதி இரத்தம்தானே, அது உறவே இல்லை என்பது அவள் எண்ணம். 3000 என்பது 1500 ஆகிறது, தலைக்கு 500. பிறகு, பெண்களுக்கு வேண்டாம், தாய்க்கு ஆண்டுக்கு 100 கொடுத்துவிடலாம் என்கிறான் ஜான். அவள் இன்னும் பதினைந்து வருஷம் இருந்துவிட்டால் நாம் ஏமாந்துபோவோமே என்கிறாள் ஃபேனி. கணக்கைப் போட்டுப் பார்: பதினைந்து நூறு, 1500. மிச்சப்படுத்திய தொகை மறுபடி கையைவிட்டுப் போகும் ஆண்டை அவள் துல்லியமாகச் சொல்கிறாள். மாமியாருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, உடம்பும் திடமாக இருக்கிறது என்பதும் அவளுக்கு உறுத்துகிறது. சரி, அவ்வப்போது 50 பவுண்டு அனுப்பலாம் என்கிறான். கடைசியில் ஃபேனி, உங்கள் அப்பா பணத்தையே நினைத்திருக்கமாட்டார் என்கிறாள். ஒரு சின்ன வீடு பார்த்துக்கொடுப்பது, சாமான் ஏற்றி இறக்க உதவுவது, பருவத்தில் மீனும் வேட்டைக் கறியும் அனுப்புவது, இதைத்தான் கேட்டிருப்பார் என்று முடிக்கிறாள். ஆண்டுக்கு 500 வருமே, நாலு பெண்களுக்கு அதற்குமேல் என்ன செலவு, வண்டியா, குதிரையா என்றும் சொல்கிறாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது இப்படித்தான். அதோடும் நிற்கவில்லை. மாமியார் கொண்டுபோகும் பீங்கான் பாத்திரங்கள் இந்த வீட்டில் இருப்பதைவிட இரண்டு மடங்கு அழகு என்று குறைப்பட்டுக்கொள்கிறாள்.

இதை வைத்து 'ஃபேனி பேராசைக்காரி, ஜான் அப்பாவி' என்று எழுதிவிடாதே. பெரும்பாலான கட்டுரைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில். 1500 என்ற தொகையைச் சொன்னது யார்? ஜான். ஆண்டுக்கு 100 என்றது? ஜான். 50? அதுவும் ஜான்தான். ஃபேனி காரணம் சொல்கிறாள், தொகையைக் குறைப்பது கணவன். மறுத்துச் சொல்லமாட்டாளா என்று காத்திருந்தவன் போல ஒவ்வொரு தடவையும் ஒரு படி இறங்கி நிற்கிறான். கொஞ்சம் மனஈரம் குறைந்தவன், கொஞ்சம் சுயநலக்காரன் என்பதைத் தவிர கெட்டவன் இல்லை என்று முதல் அத்தியாயமே அவனை அளந்து வைத்திருக்கிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் இரண்டாம் அத்தியாயம். ஒவ்வொரு படியிலும் துணைக்கு வருவது கெட்ட குணம் அல்ல, குடும்ப குணம்: பிள்ளைப் பாசம், குடும்பச் செலவில் கவனம், அப்பாவின் மனதை அறிய வேண்டும் என்ற அக்கறை. சொத்தில் பங்கு வேண்டாம் என்று பெண்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும்போது நம் பக்கத்து வீடுகளிலும் இதே குரல்தானே: 'உனக்குத்தான் கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சே.' ஒரு குடும்பத்துக்குள் அன்பு, வெளியே நிற்பவருக்கு அநீதியாக மாறும் அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினால் உன் கட்டுரை நிற்கும்.

ஒரு நுணுக்கம். அத்தியாயத் தொடக்கத்தில் மேற்கோள் குறி இல்லாத வரிகளைக் கவனி. கதைசொல்லி பேசுவது போல இருக்கும். ஆனால் 'அருமைக் குட்டிப் பையன்', 'பயங்கரமான வறுமை' என்று சொற்கள் வரும். அவை ஃபேனியின் வாய்ச்சொற்கள். ஆஸ்டின் தன் வாக்கியத்துக்குள் அவளைப் பேசவிடுகிறார். இதைக் கவனிக்காமல் அந்த வரியை ஆசிரியரின் கருத்து என்று எடுத்தாண்டால் கட்டுரை தலைகீழாகிவிடும்.

பின்னால் வரும் அத்தியாயங்களில் மூன்று இடங்களை மட்டும் சேர்த்துக்கொள். பெண்கள் டெவன்ஷையருக்குக் குடிபோகும்போது சாமான்களெல்லாம் கடல்வழியாகப் போகின்றன. ஏற்றி இறக்க உதவுவேன் என்ற கடைசி மிச்சத்தையும் ஜானால் செய்ய முடியவில்லை, அதில் அவனுக்கு உண்மையான வருத்தம் வேறு. அங்கே வீடு கொடுப்பவர் சர் ஜான் மிடில்டன், தாய்வழி உறவு. போய் இறங்கிய மறுநாளே அவர் வீட்டிலிருந்து ஒரு கூடை நிறையக் காயும் பழமும் வருகின்றன; அன்று பொழுது சாய்வதற்குள் வேட்டைக் கறியும் வந்துவிடுகிறது. அண்ணன் அனுப்புவதாக இருந்த அதே கறி! மூன்றாவது 33-ஆம் அத்தியாயத்தில். லண்டனில் தங்கையைப் பார்க்கும் ஜான் செலவு தாங்கவில்லை என்று புலம்பிக்கொண்டே, ஃபேனிக்குக் கண்ணாடிப் பூங்குடில் கட்ட நார்லண்டின் பழைய வால்நட் மரங்களை வெட்டிவிட்டோம் என்கிறான். அப்பாவுக்கு மரம் விற்கப் பாத்தியதை இல்லாமல் போனதை இங்கே நினைத்துக்கொள். தங்கை எலினர் பதில் பேசவில்லை.

ஆஸ்டினின் சொந்த வாழ்க்கையைக் கொண்டுவந்து ஒட்டலாமா என்று தோன்றும். ஒட்டாதே. 1805-ல் அவர் தந்தை இறந்தபோது அண்ணன்மார் கைவிடவில்லை: ஜேம்ஸ், ஹென்றி, ஃபிராங்க் ஆண்டுக்கு 50 பவுண்டு வீதம், எட்வர்ட் 100. 1806 முதல் 1809 வரை அம்மாவும் பெண்களும் இந்த சவுத்தாம்ப்டனில்தான் ஃபிராங்க் குடும்பத்தோடு இருந்தார்கள். அந்த வீடு இப்போது இல்லை. தோட்டம் முடிந்த இடத்தில் ஓடிய பழைய நகர மதில் நிற்கிறது. பிறகு எட்வர்ட் தன் பெரிய வீட்டுக்கு அருகே சாட்டன் கிராமத்தில் ஒரு வீட்டைக் கொடுத்தார். நாவலை அச்சுக்குத் திருத்தியது அங்கே, ஒரு சின்னப் பன்னிரு பட்டை மேசையில். வாக்கைக் காப்பாற்றிய அண்ணன் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து, வாக்கைக் கரைத்த அண்ணனை எழுதியிருக்கிறார். நாவலின் முதல் வடிவமோ 1795 வாக்கிலேயே இருந்தது, அப்பா உயிரோடு இருந்தபோது. ஆகவே இது சொந்தக் கதை அல்ல, சுற்றி இருந்த வீடுகளைக் கண்ணால் பார்த்துப் போட்ட கணக்கு.

பழைய புத்தகக் கடையில் ஒரு படி வாங்கித் தபாலில் போட்டிருக்கிறேன். ஓரத்தில் எண் எதுவும் எழுதவில்லை, அதை நீயே எழுது. கட்டுரையை அனுப்புவதற்கு முன் ஒரு வேலை: ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அத்தியாயத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்காட்டு. எந்தத் தொகை வந்ததும் அம்மா 'போதும், நிறுத்து' என்கிறாள் என்று எனக்கு எழுது.

உன் அண்ணன்