டீயில் போடும் மாத்திரை

அன்பு மகள் செல்விக்கு,

"அந்த இனிப்பு மாத்திரையைத் தூக்கிப் போடுங்கப்பா, கேன்சர் வரும்" என்று நீ போனில் பதறியதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, என் மாத்திரையில் இருக்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது உண்மைதான். அந்தப் பட்டியல் ஆதாரத்தின் பலத்தைச் சொல்வது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று சொல்வதில்லை. கற்றாழை முழு இலைச் சாறுகூட அதில்தான் இருக்கிறது. அளவைப் பார்க்கும் நிபுணர் குழு அப்போதே பழைய வரம்பை மாற்றாமல் விட்டது: உடல் எடையில் கிலோவுக்கு, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். நான் 65 கிலோ, அப்படியானால் 2,600 மில்லிகிராம். என் மாத்திரை ஒன்றில் இருப்பது 18. தண்டையார்பேட்டை டீக்கடையில் வித்தவுட் வாங்கி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். 'சர்க்கரை கம்மி' என்று கேட்டால் அங்கே கம்மியாக வராது. சுகர் உள்ளவனுக்கு அதுதானே பெரிய ஆபத்து?

எனக்குக் கவலை உன்னைப் பற்றித்தான். இளைப்பதற்காக நைட் ஷிஃப்டில், இதே மாதிரி செயற்கை இனிப்பு போட்ட டயட் கோலாவாகக் குடிக்கிறாயே. அதே உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது. நீண்ட காலத்தில் உடம்பில் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை. அதிகம் சேர்த்துக்கொண்டவர்களிடம் சுகரும் இதய நோயும் கூடுதலாகத் தெரிந்தன. எடை கூடியவர்கள்தான் இதற்கு மாறியிருக்கலாம் என்பதால், இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிவுரை ஏற்கெனவே சுகர் உள்ள என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. உனக்கும் உன் பிள்ளைக்கும் உண்டு.

அவனுக்கு 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் வாங்கிக் கொடுப்பதையும் நிறுத்து. சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவு மாவுதான். அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். சின்ன வயதிலேயே நாக்கை எல்லாவற்றிலும் தித்திப்பு தேடப் பழக்காதே. இங்கே வந்தால் எம்.சி. ரோட்டில் எப்போதாவது ஒரு ரோஸ்மில்க் வாங்கித் தருகிறேன், நல்ல சர்க்கரை போட்டதே. மற்ற நாளில் மோரும் தண்ணீரும் போதும்.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது எனக்காகப் பாயசத்தில் மாத்திரை போடச் சொல்லி அம்மாவிடம் சண்டை போடாதே. அஸ்பார்டேம் கொதித்தால் இனிப்பு போய்விடும். வெல்லப் பாயசத்திலேயே எனக்கு அரைக் கரண்டி கொடுத்தால் போதும். கோலாவை ஒரேயடியாக விட முடியாவிட்டால் முதலில் பாதியாகக் குறை. எப்படிப் போகிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அப்பா